சுத்திகரித்த சோயா எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்குவது எப்படி

கச்சா சோயா எண்ணெய் இறக்குபவருக்குப் பின்னால் ஓர் ஆலை இருக்கிறது. வழியில் ஈரம் ஏறினாலும், அமிலம் கூடினாலும், நிறம் கறுத்தாலும் ஆலை சரிசெய்துவிடும். கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் வெளுக்கும் மண்ணும் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். சுத்திகரித்த எண்ணெய் வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. டேங்கிலிருந்து நேரே பாட்டிலுக்கோ டின்னுக்கோ வாணலிக்கோ போகிற சரக்கு அது. ஏற்றிய அன்று நன்றாக இருந்தது என்று சான்றிதழ் காட்டுவதால் பயனில்லை. இறங்குகிற அன்று நன்றாக இருக்க வேண்டும். ஒப்பந்தம், பொதி, சோதனை, பணம் எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

முதலில் வரிக் கணக்கு

இந்தியாவுக்குள் கொண்டுவருவதாக இருந்தால், விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சுங்கத்தில் கச்சா சோயா எண்ணெய் 1507 10 00 என்ற குறியீட்டின் கீழ் வருகிறது. பசை (எண்ணெயில் உள்ள கோந்துப் பொருள்) மட்டும் நீக்கிய எண்ணெயும் அதில்தான் சேரும். சாப்பாட்டுக்கான சுத்திகரித்த எண்ணெய் 1507 90 10.

2025 மே 30 முதல் கச்சாவுக்கு அடிப்படைச் சுங்க வரி 10%, வேளாண் கட்டமைப்புத் தீர்வை 5%, இரண்டின் மீதும் 10% சமூக நலக் கூடுதல் வரி, ஆக 16.5%. சுத்திகரித்ததற்கு அடிப்படை வரியே 32.5%, கூடுதல் வரியோடு 35.75%. துறைமுகம் வந்துசேரும் விலை டன்னுக்கு 1,100 டாலர் என்று வையுங்கள். சுத்திகரித்ததற்கு வரி 393.25 டாலர், கச்சாவுக்கு 181.50 டாலர். வித்தியாசம் டன்னுக்கு 211.75 டாலர். உள்ளூரில் ஒரு டன் சுத்திகரிக்க ஆகும் செலவு இதற்குப் பக்கத்தில்கூட வராது. காண்ட்லா, முந்த்ரா, காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம், சென்னை என்று கடலோரத்தில் சுத்திகரிப்பு ஆலைகள் வரிசையாக நிற்பதற்கு இந்த வரி வேறுபாடு பெரிய காரணம். அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் இந்தியாவுக்கு வருவது பெரும்பாலும் பசை நீக்கிய கச்சா எண்ணெய்தான்.

கணக்கில் இரண்டு இடங்களில் சறுக்கும். கச்சாவுக்கு உங்கள் இன்வாய்ஸ் விலை மீது வரி போடுவதில்லை. மறைமுக வரிகள் வாரியம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவிக்கும் மதிப்பின் மீது போடுவார்கள். சுத்திகரித்த சோயாவுக்கு அப்படி அறிவிப்பு இல்லை, இன்வாய்ஸ் விலையே அடிப்படை. அடுத்தது, எந்தத் தேதியின் வரி பொருந்தும் என்பது. பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க அறிவிப்பைத் தாக்கல் செய்த நாள், அல்லது முன்கூட்டியே தாக்கல் செய்திருந்தால் கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைத்த நாள், இதில் எது பிந்தியதோ அதன் வரி. வரி கட்டாமல் வைக்கும் பாண்டட் கிடங்கில் வைத்து எடுத்தால், எடுப்பதற்கான பில் தாக்கலாகும் நாளின் வரி. ஒப்பந்தம் போட்ட நாளுக்கு இதில் வேலையே இல்லை. 2024 செப்டம்பர் 14 அன்று கச்சாவுக்கு 0 இலிருந்து 20 ஆகவும், சுத்திகரித்ததற்கு 12.5 இலிருந்து 32.5 ஆகவும் அடிப்படை வரி ஏறியபோது, நடுக்கடலில் இருந்த சரக்குக்கும் புதிய வரிதான். ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடக்கும் தென்னமெரிக்கச் சரக்குக்கு இது சின்ன ஆபத்தல்ல. வரி ஏறினால் யார் தலையில் விழும் என்பதை உள்ளூரில் வாங்குபவரோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

நேபாள வழி வேறு கதை. தெற்காசிய சலுகை ஒப்பந்தத்தின் கீழ் அங்கிருந்து சுத்திகரித்த சோயா எண்ணெய் அடிப்படை வரியில்லாமல் வருகிறது. ஆனால் நேபாளத்தின் ஆலைகள் ஓடுவதும் இறக்குமதிக் கச்சாவில்தான். சலுகை பெற, வெளிப்பொருளின் பங்கு ஏற்றுமதி விலையில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நேபாளம் போன்ற மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கான பொது விதி. 1,050 டாலருக்குக் கச்சா வாங்கிச் சுத்திகரித்து 1,200-க்கு விற்றால் அந்தப் பங்கு 87.5%. இந்தக் கணக்கைச் சுங்க அதிகாரிகளும் போடுவார்கள். 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பிறப்பிடச் சான்றிதழ் கையில் இருப்பது மட்டும் போதாது. பொருள் எப்படித் தகுதி பெற்றது என்ற விவரத்தை இறக்குமதி செய்பவரே வைத்திருக்க வேண்டும். விற்பவர் அந்தக் கணக்கைத் தர மறுத்தால், அவர் சொல்லும் மலிவு விலை உங்கள் விலை அல்ல.

சுத்திகரித்த எண்ணெய் சுத்திகரித்ததாகவே கடல் கடப்பது பெரும்பாலும் சொந்த ஆலை இல்லாத சிறு நாடுகளுக்கும் தீவுகளுக்கும், பாட்டில் அடைக்கும் தொழிலை மட்டும் வைத்திருக்கும் இடங்களுக்கும்தான். அளவும் கன்டெய்னர் கணக்கில் இருக்கும். துபாயிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருந்து வணிகம் செய்பவருக்கு இனி வருவது அதிகம் பயன்படும்.

தரத்தை எப்படி எழுதுவது

விற்பவர் அனுப்பும் தாளில் "முதல் தரம், 100% தூய்மை" என்று இருக்கும். அந்தச் சொற்களை வைத்து எந்த நடுவரிடமும் வழக்காட முடியாது. ஒப்பந்தத்தில் எண்கள் வேண்டும். கீழே உள்ளவை நடைமுறையில் கேட்டுப் பெறக்கூடியவை:

கட்டற்ற கொழுப்பு அமிலம், ஒலியிக் கணக்கில்: அதிகபட்சம் 0.1%
ஈரமும் ஆவியாகும் பொருளும்: அதிகபட்சம் 0.1%
பெராக்சைடு எண், ஏற்றும்போது: அதிகபட்சம் 1, இறக்கும்போது: உங்கள் பேரத்தின்படி 2 அல்லது 3
அனிசிடின் எண்: அதிகபட்சம் 6
நிறம், லோவிபாண்ட் நிறமானியின் ஐந்தேகால் அங்குலக் கலம்: மஞ்சள் 15, சிவப்பு 1.5
அயோடின் எண்: 124–139
குளிர் சோதனை: 0 டிகிரியில் ஐந்தரை மணி நேரம் தெளிவாக
மணமும் சுவையும்: வேற்று வாடை இல்லாமல்

சில ஆய்வகங்கள் கட்டற்ற அமிலத்துக்குப் பதில் அமில எண்ணைத் தரும். அமில எண் என்பது கட்டற்ற அமிலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரத்தில் சுத்திகரித்த எண்ணெய்க்கு அனுமதிக்கும் அமில எண் 0.6, அதாவது கட்டற்ற அமிலம் சுமார் 0.3%. பெராக்சைடு எண் 10 வரை போகலாம் என்றும் அதே தரம் சொல்கிறது. "கோடெக்ஸ் தரத்துக்கு உட்பட்டது" என்று மட்டும் எழுதினால், கெடத் தொடங்கிய எண்ணெயையும் நீங்கள் ஏற்றாக வேண்டும்.

பட்டியலில் பெரும்பாலோர் விட்டுவிடுவது அனிசிடின் எண். பெராக்சைடு என்பது எண்ணெய் கெடுவதன் முதல் கட்டம். பழைய எண்ணெயை மறுபடி மணநீக்கக் கோபுரத்தில் ஏற்றினால் பெராக்சைடு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சான்றிதழ் புத்தம் புதிதாகத் தெரியும். ஆனால் பெராக்சைடு உடைந்து உண்டான ஆல்டிஹைடுகள் முழுக்கப் போவதில்லை, அனிசிடின் எண் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டினால் வருவது டோட்டாக்ஸ். எண்ணெயின் முழு ஜாதகம் அதில்தான் இருக்கிறது.

மணம், சுவை என்ற வரியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். சோயாவில் லினோலெனிக் அமிலம் கணிசமாக இருப்பதால், பெராக்சைடு குறைவாக இருக்கும்போதே பச்சைப் பயறு வாடையோ மீன் வாடையோ திரும்பி வரும் குணம் அதற்கு உண்டு. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

கலப்படத்தைப் பிடிக்கக் கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு போதும். சோயாவில் பால்மிடிக் அமிலம் 8 முதல் 13.5 சதவீதம், லினோலெனிக் 4.5 முதல் 11 சதவீதம் இருக்க வேண்டும். பாமாயில் சேர்ந்தால் முன்னது ஏறும், பின்னது இறங்கும். குளிர் சோதனையில் கலங்கவும் செய்யும். பாமாயில் சோயாவைவிட விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் இந்தக் கலப்படத்துக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். சந்தை விலையைப் பார்த்தே எந்தச் சோதனைக்குக் காசு செலவழிப்பது என்று முடிவு செய்யலாம்.

எண்ணெய் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் விஷயத்தில் எந்த நாட்டுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். டி.பி.எச்.க்யூ. என்ற தடுப்புப் பொருள் இந்தியாவில் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரை செல்லும், ஜப்பானில் அதற்கு அனுமதியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் வேண்டாத மாசுப் பொருட்களான கிளைசிடில் எஸ்டர் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம், சோயாவில் 3-எம்.சி.பி.டி. 1,250 மைக்ரோகிராம், பென்சோபைரீன் 2 மைக்ரோகிராம் என்ற வரம்புகளும் சேரும். மரபணு மாற்றிய சோயாவின் எண்ணெய் என்றால், எண்ணெயில் மரபணுச் சுவடே இல்லாவிட்டாலும் அங்கே லேபிளில் சொல்லியாக வேண்டும். அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்க சோயா ஏறக்குறைய முழுதும் மரபணு மாற்றியதே.

விலை எங்கிருந்து வருகிறது

உலகில் சோயா எண்ணெய் விலை சிகாகோ வாயிதாச் சந்தையை ஒட்டி ஓடுகிறது. அங்கே விலை பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று சொல்வார்கள். ஒரு லாட் 60,000 பவுண்டு, அதாவது 27.2 டன். சென்ட்டை 22.0462 ஆல் பெருக்கினால் டன்னுக்கு டாலர். 50 சென்ட் என்றால் 1,102.31 டாலர். இது கச்சா எண்ணெயின் விலை.

தென்னமெரிக்க விற்பவர் இதன் மேல் ஏற்றமோ இறக்கமோ சொல்வார். மூன்று சென்ட் கீழே என்றால் 47 சென்ட், 1,036.17 டாலர், அர்ஜென்டினாவின் பரானா ஆற்றுத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய விலை. இந்த ஏற்ற இறக்கத்துக்கு அந்த நாட்டு ஏற்றுமதி வரியும் ஆற்றில் உள்ள தண்ணீரும் காரணமாகும். 2025 செப்டம்பர் 22 அன்று அர்ஜென்டினா தானிய ஏற்றுமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. 700 கோடி டாலர் வரம்பு மூன்றே நாளில் நிரம்பிச் சலுகை முடிந்துபோனது. அந்த மூன்று நாள் விலையை வைத்து அடுத்த மாதம் பேரம் பேசியவருக்கு ஏமாற்றம்தான். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கப்பல் முழுச் சுமை ஏற்ற முடியாமல், பாகியா பிளாங்கா போன்ற கடல் துறைமுகத்துக்குப் போய் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்; நாளும் கூடும், வாடகையும் கூடும்.

இந்த அடிப்படை விலையோடு சுத்திகரிப்பு, கழிவு, பொதி, ஆலையிலிருந்து துறைமுகம் வரை லாரி, கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் கொடுக்கும் விலை. விற்பவர் ஒரே எண்ணாகச் சொன்னாலும் இப்படிப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை சந்தை இறங்கும்போது எந்தப் பகுதி இறங்க வேண்டும், எது இறங்காது என்று பேச அது உதவும்.

எந்த நிபந்தனையில் வாங்குவது

கப்பல் டேங்கில் மொத்தமாக வருவதற்கு எஃப்.ஓ.பி. (ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய விலை), சி.ஐ.எஃப். (அதோடு வாடகையும் காப்பீடும் சேர்த்த விலை) இரண்டும் பொருந்தும். சி.ஐ.எஃப்.-இல் விற்பவர் வாடகையும் காப்பீடும் கட்டினாலும், எண்ணெய் கப்பலில் ஏறியதுமே ஆபத்து உங்களுடையது. "வந்து சேரும் வரை அவர் பொறுப்பு" என்று நினைப்பது இந்தத் தொழிலில் மிகப் பரவலான தவறு. சி.ஐ.எஃப். என்று மட்டும் எழுதினால், 2020 இன்கோடெர்ம்ஸ் எனும் சர்வதேச வணிக நிபந்தனை விதிப்படி விற்பவர் மிகக் குறைந்த காப்பீடான சி வகையை எடுத்தாலே போதும். அதில் கசிவு, கலப்பு, எடைக் குறைவு எதற்கும் பணம் வராது. ஏ வகைக் காப்பீடு, இன்வாய்ஸ் மதிப்பில் 110%, கலப்பும் கசிவும் சேர்த்து என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

கன்டெய்னருக்கு சி.ஐ.எஃப். சரியான நிபந்தனை அல்ல. கன்டெய்னரை விற்பவர் யார்டில் ஒப்படைத்துவிடுகிறார். கப்பலில் ஏறும்வரை உள்ள நாட்களுக்கு யார் பொறுப்பு என்பதில் ஓட்டை விழுகிறது. எஃப்.சி.ஏ. (கப்பல் கம்பெனியிடம் ஒப்படைக்கும் வரை விற்பவர் பொறுப்பு) அல்லது சி.ஐ.பி. (அதோடு வாடகையும் காப்பீடும் அவரே கட்டுவது) எழுதுங்கள். சி.ஐ.பி.-இல் ஏ வகைக் காப்பீடு இயல்பாகவே அடங்கியது.

மொத்தச் சரக்குக்கு லண்டனில் உள்ள எண்ணெய் வணிகக் கூட்டமைப்பான ஃபாஸ்ஃபாவின் மாதிரி ஒப்பந்தங்களே உலக வழக்கம். எஃப்.ஓ.பி.-க்கு 53-ஆம் எண், சி.ஐ.எஃப்.-க்கு 54-ஆம் எண். ஆங்கிலச் சட்டம், லண்டன் நடுவர் தீர்ப்பு. தரமும் எடையும் ஏற்றும் இடத்தில் இறுதியா, இறக்கும் இடத்தில் இறுதியா என்பதைத் தனியாக எழுதுங்கள். சுத்திகரித்த எண்ணெய்க்குத் தரம் இறக்கும் இடத்தில்தான் இறுதியாக வேண்டும். விற்பவர் ஒப்ப மாட்டார். நடுவழியாக, அமிலமும் ஈரமும் ஏற்றுமிடத்தில், பெராக்சைடும் வாடையும் இறக்குமிடத்தில் என்று பிரித்துப் பேசிப் பாருங்கள்.

ஃப்ளெக்ஸிடேங்க்

சிறு வணிகருக்கு ஏற்ற பொதி இதுதான். 20 அடி கன்டெய்னருக்குள் விரிக்கும் பல அடுக்கு பாலிதீன் பை. 16,000 முதல் 24,000 லிட்டர் கொள்ளும். 30 டிகிரியில் சோயா எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய 0.914. 24,000 லிட்டர் பையில் 22 டன்னுக்குச் சற்றுக் குறைவாக வரும், ஒப்பந்தங்களில் 21.5 டன் என்றே வைப்பார்கள். "100 டன்" என்று ஆர்டர் கொடுக்காமல் "5 ஃப்ளெக்ஸிடேங்க், தலா 21.5 டன்" என்று கொடுங்கள். அரைகுறையாக நிரம்பிய பை கடல் அலையில் உள்ளே அலைந்து, ஒட்டிய இடத்திலோ வால்வின் கழுத்திலோ கிழியும். பையின் குறித்த கொள்ளளவுக்கு நிரப்பியாக வேண்டும்.

கிழிவதற்கு மற்ற காரணங்கள் கன்டெய்னரிலேயே இருக்கும். தரையில் துருத்திய ஆணி, பக்கச் சுவரில் உள்வாங்கிய நசுங்கல், முந்தைய சரக்கின் துண்டுகள், ரசாயன வாடை. உட்சுவரில் நெளிவு அட்டை ஒட்ட வேண்டும், கதவுப் பக்கம் எஃகுக் கம்பித் தடுப்பு வேண்டும். காலி கன்டெய்னர், அட்டை ஒட்டியது, பை விரித்தது, நிரப்பியது, சீல் என்று ஐந்து நிலையிலும் கன்டெய்னர் எண் தெரியும்படி புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். விற்பவருக்கு இதில் செலவு ஏதுமில்லை. எண்ணெய் ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். சூடாக நிரப்பினால் பை தாங்கினாலும் எண்ணெய் தாங்காது, போகும் வழியெல்லாம் பெராக்சைடு ஏறும். கப்பலின் மேல்தளத்தில் வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்கும் இதே கதிதான். கீழ்த்தளத்தில் வைக்கக் கேளுங்கள், கப்பல் கம்பெனி உறுதி தராது என்றாலும்.

இறக்கும்போது வலது கதவை மட்டும் திறக்க வேண்டும். இடது கதவுதான் பையைத் தாங்கி நிற்கிறது. பழக்கமில்லாத ஆள் இரண்டையும் திறந்தால் மொத்தமும் யார்டில் ஓடும். வால்வுக்கு ஏற்ற மூன்று அங்குல கேம்லாக் இணைப்பு, கியர் பம்ப் அல்லது லோப் பம்ப், துருப்பிடிக்காத எஃகு அல்லது உணவுத்தர ஹோஸ் தயாராக இருக்க வேண்டும். பித்தளை, வெண்கலப் பொருத்துகள் வழியே எண்ணெயை விடாதீர்கள். தாமிரம் பி.பி.எம். அளவில் பட்டாலே எண்ணெய் கெடும் வேகம் கூடும். கோடெக்ஸ் தாமிரத்துக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான். கடைசியில் பையைப் பின்னாலிருந்து சுருட்டி வந்தால் தங்கும் எண்ணெய் வெகுவாகக் குறையும்.

சுங்கத்தில் மாதிரி எடுக்கும் நாளில் பழகிய ஆளை அங்கே நிறுத்துங்கள். அதிகாரி கேட்டார் என்று வால்வைத் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் போனதால் கசிந்த கன்டெய்னர்கள் ஏராளம். கன்டெய்னரை வைத்துக்கொள்ள இலவச நாள் 14 அல்லது 21 என்று வாடகை பேசும்போதே கேட்டு வாங்குங்கள். உணவுச் சோதனை முடிவு தாமதமானால் டிடென்ஷன் கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும்.

கப்பல் டேங்கில் மொத்தமாக

சில நூறு டன்னுக்கு மேல் என்றால் பார்சல் டேங்கர், அதாவது தனித்தனி டேங்குகளில் பலரின் சரக்கை ஏற்றும் கப்பல். 2007 ஜனவரி 1 முதல் தாவர எண்ணெய்கள் மார்பால் எனும் கடல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் ஒய் வகை. ரசாயன டேங்கர்களில்தான் வர வேண்டும். அதே டேங்க் போன மாதம் வேறொன்றைச் சுமந்திருக்கும். ஆகவே கடைசி மூன்று சரக்கு என்ன என்ற கப்பல் தலைவரின் சான்றிதழ் இன்றியமையாதது. ஃபாஸ்ஃபாவின் தடைப் பட்டியலில் உள்ள எதுவும் உடனடி முந்தைய சரக்காக இருக்கக்கூடாது. ஸ்டைரீன், எத்திலீன் டைகுளோரைடு, ஈயம் கலந்த எரிபொருள் போன்றவை கடைசி மூன்றிலேயே இருக்கக்கூடாது. கச்சா எண்ணெயில் சிறு கலப்பு நேர்ந்தால் மணநீக்கத்தில் ஓரளவு போகும். உங்களுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லாததால், முந்தைய சரக்கும் உணவு எண்ணெயாகவே இருக்க வேண்டும் என்று கேட்டு, வாடகை சற்றுக் கூடினாலும் கொடுங்கள். 2008-இல் உக்ரைனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சூரியகாந்தி எண்ணெயில் கனிம எண்ணெய் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டுச் சந்தையே குழம்பியது. கனிம எண்ணெய்ச் சோதனையைப் பட்டியலில் சேர்க்க அது ஒன்றே போதுமான காரணம்.

ஏற்றும்போது டேங்கின் அடியில் ஓரடி உயரம் நிரப்பி நிறுத்தி, அந்த முதல் மாதிரியைச் சோதித்த பிறகே மேலும் ஏற்ற வேண்டும். குழாயிலோ டேங்கிலோ கோளாறு இருந்தால் அங்கேயே தெரியும், நட்டம் சில டன்னோடு நிற்கும். எண்ணெய் மேலிருந்து கொட்டக்கூடாது. அடியிலிருந்து நிரம்ப வேண்டும். குழாயைத் துப்புரவாக்கக் காற்று அடிப்பதற்குப் பதில் நைட்ரஜன் கேளுங்கள். சோயாவுக்குச் சூடாக்கல் தேவையில்லை. இறக்கும்போது 20 முதல் 25 டிகிரி போதும். பாமாயிலை இறக்கிப் பழகிய கப்பல் ஆட்கள் பழக்க தோஷத்தில் கொதிகுழாயைத் திறந்துவிடுவதுண்டு.

எடையில் சண்டை வருவது பெரும்பாலும் வெப்பமானியால். எண்ணெயின் அடர்த்தி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.00067 குறையும். 1,000 டன் டேங்கில் வெப்பநிலையை 5 டிகிரி தவறாக எடுத்தால் 3.7 டன் காகிதத்தில் காணாமல் போகும். 1,100 டாலர் விலையில் நாலாயிரம் டாலர். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் வெப்பநிலை எடுக்கச் சொல்லுங்கள். இரு முனையிலும் ஒரே வகை அடர்த்தி அட்டவணையைப் பயன்படுத்தினார்களா என்றும் பாருங்கள். 0.5% வரையான குறைவை வழக்கமான சேதாரம் என்று காப்பீட்டாளர் கழித்துவிடுவார்.

எல்.சி.யும் காகிதங்களும்

எல்.சி. என்பது, கேட்ட காகிதங்கள் வந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக உங்கள் வங்கி தரும் உறுதி. வங்கிகள் எண்ணெயைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கின்றன. ஆகவே உங்களுக்கு எது முக்கியமோ அதைக் காகிதமாகக் கேளுங்கள்: சுதந்திரமான சர்வேயரின் தரச் சான்றிதழ், அதில் மேற்சொன்ன எண்கள் ஒவ்வொன்றும், எடைச் சான்றிதழ், டேங்க் சுத்தச் சான்றிதழ், கடைசி மூன்று சரக்குச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், முழுத் தொகுதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் தரும் ஆவணம்). விற்பவரே கொடுக்கும் தரச் சான்றிதழ் பணம் வாங்கும் ஆவணமாக இருக்கக்கூடாது.

மொத்தச் சரக்கு பெரும்பாலும் சார்ட்டர் ஒப்பந்தக் கப்பலில், அதாவது தனி ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்த கப்பலில் வரும். எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600-இன் 20-ஆம் விதிப்படி, சார்ட்டர் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்று குறிப்பிட்ட பில்லைச் சாதாரண பில்லாக வங்கி ஏற்காது. "சார்ட்டர் ஒப்பந்த பில் ஏற்கப்படும்" என்ற ஒரு வரி எல்.சி.யில் இல்லாமல், கப்பல் வந்த பிறகு திருத்தத்துக்கு ஓடுபவர்கள் பலர். அதேபோல் 30-ஆம் விதி தரும் 5% கூடுதல்-குறைவு எடைக்குப் பொருந்தும், பாட்டில் பெட்டி எண்ணிக்கைக்குப் பொருந்தாது. சலுகை இருந்தாலும் எல்.சி. தொகையைத் தாண்ட முடியாது. அளவிலும் தொகையிலும் ஏற்ற இறக்கத்தை நீங்களே எழுதிவிடுங்கள்.

இந்தியத் துறைமுகத்தில் ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு), உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி உரிமம் இரண்டும் முன்கூட்டியே வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. பாட்டிலில் வருவதென்றால், அனுமதி பெறும் நாளில் ஆயுளில் 60% அல்லது மூன்று மாதம், எது குறைவோ அது மிச்சம் இருக்க வேண்டும். டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண், பச்சைப் புள்ளி ஆகியவற்றைச் சுங்கக் கிடங்கிலேயே ஒட்டிக்கொள்ளலாம். தேதியும் பொருட்பட்டியலும் விடுபட்டால் அங்கே ஒட்ட முடியாது. லிட்டரோடு எடையும் லேபிளில் வேண்டும், வெப்பநிலையைச் சொல்லிச் சமாளிக்கக்கூடாது.

பொய்யான விற்பனையாளர்

இணையத்தில் சுத்திகரித்த சோயா எண்ணெய் விற்பதாகச் சொல்பவர்களில் எண்ணெயே இல்லாதவர்கள் நிறைய. அவர்களை அவர்கள் காகிதமே காட்டிக்கொடுக்கும். "உலகின் எந்தப் பாதுகாப்பான துறைமுகத்துக்கும் ஒரே விலை" என்று எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். பிரேசிலின் சந்தோஸிலிருந்து லாகோஸுக்கும் சென்னைக்கும் ஒரே வாடகை இல்லை. அதே நாள் சிகாகோ விலையை டாலராக்கி, தென்னமெரிக்கத் தள்ளுபடியும் கழித்து, அதற்கும் கீழே 200, 300 டாலர் குறைவாகச் சுத்திகரித்த எண்ணெய் கிடைக்கிறது என்றால் அது எண்ணெய் அல்ல. ஐ.சி.பி.ஓ. (வாங்குவதாக உறுதிக் கடிதம்), எஃப்.சி.ஓ. (விற்பவரின் முழு விலைக் கடிதம்), ரகசியக் காப்பு ஒப்பந்தம், நான்கு இடைத்தரகர் கமிஷன் என்று நீளும் நடைமுறை உண்மையான ஆலைகளிடம் கிடையாது. அவர்கள் உங்கள் வங்கி விவரம், வருடக் கொள்முதல், யாரிடம் வாங்கி வந்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். "ஒதுக்கீட்டுப் பதிவுக் கட்டணம்", "எல்.சி.யைச் செயல்படுத்தும் கட்டணம்" என்று சிறு தொகை கேட்டால் அவர்களின் வருமானமே அந்தச் சிறு தொகைதான்.

பில் ஆஃப் லேடிங் பிரதி அனுப்பினால் கப்பல் கம்பெனியின் தளத்தில் அந்த எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் தேடுங்கள். கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, இட்டுக்கட்டிய எண்ணில் பெரும்பாலும் அது பொருந்தாது. சர்வே சான்றிதழில் உள்ள தொலைபேசியை அழைக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எண்ணை எடுத்து, சான்றிதழ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே பேசிப் பழகிய ஆளிடம் குரலில் உறுதி செய்யாமல் ஒரு டாலரும் போகக்கூடாது. உண்மையான விற்பவரின் மின்னஞ்சலை வேறொருவர் கைப்பற்றியிருக்கலாம்.

சரக்கு கெட்டு வந்தால்

இறக்குவதை நிறுத்தி, விற்பவரின் சர்வேயரையும் கப்பல் கம்பெனியையும் காப்பீட்டாளரையும் எழுத்தில் அழையுங்கள். மாதிரியை எல்லோர் முன்னிலையிலும் எடுத்து, அங்கேயே சீல் வைத்து, ஆளுக்கொன்று கொடுத்து, ஒன்றை நடுவருக்கென்று தனியே வையுங்கள். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், கழுத்துவரை நிரப்பி, குளிர்ந்த இருட்டான இடத்தில். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்த மாதிரி மேசை மீதே கெட்டுப்போய், விற்பவர் வக்கீலுக்கு வேலை மிச்சமாகும். வெளியில் தெரியாத சேதத்துக்குக் கப்பல் கம்பெனிக்கு மூன்று நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், வழக்குக்கு ஓராண்டு. ஃபாஸ்ஃபா ஒப்பந்தத்தில் தரம் பற்றிய முறையீட்டுக்கான கெடு இதைவிடக் குறுகியது, நாள் கணக்கில் ஓடும். அந்தப் பக்கத்தைச் சரக்கு வருவதற்கு முன்பே படித்து, கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்.